பண்டைய ரோமில் வாடகைக் குடியிருப்பும் வாடகைச் சட்டமும்

பண்டைய ரோம் நகரவாசிகளில் பெரும்பாலோர் வாடகைக் குடித்தனக்காரர்கள். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் நகரப் பட்டியல்கள், செல்வர்களின் தனி வீடுகளான ‘டோமுஸ்’ சுமார் 1,800 என்றும், ‘இன்சுலா’ எனப்படும் வாடகைக் குடியிருப்புகள் 46,000க்கு மேல் என்றும் கூறுகின்றன. அந்த இரண்டாம் எண் முழுக் கட்டடங்களைக் குறிக்கிறதா, அவற்றின் பகுதிகளையா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை.

இன்சுலாவின் தரைத்தளத்தில் கடைகள் இருந்தன. மேலே ஏற ஏற அறை சிறுத்தது, வாடகையும் குறைந்தது. தண்ணீரைக் கீழிருந்து சுமக்க வேண்டும். தீ விபத்தும் இடிபாடும் அன்றாட அச்சம். கட்டட உயரத்தைப் பேரரசர் அகஸ்டஸ் 70 ரோம அடிக்கும், பின்னர் பேரரசர் டிராஜன் 60 அடிக்கும் கட்டுப்படுத்தினர். பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவே வீட்டுச் சொந்தக்காரர்தான். தம் கடைகளில் இரண்டு இடிந்து விழுந்ததையும், மற்றவை விரிசல் கண்டு குடியிருந்தவர்கள் வெளியேறியதையும் கி.மு. 44இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் பெரிய கவலையின்றிக் குறிப்பிடுகிறார். உள்ளே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வி அதில் இல்லை.

வாடகைப் பாரம் அரசியலையும் உலுக்கியது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஜூலியஸ் சீசர், ரோமில் 2,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) வரையும் இத்தாலியின் பிற பகுதிகளில் 500 வரையும் ஓராண்டு வாடகையைத் தள்ளுபடி செய்தார்.

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் நகரச் சுவரில் வாடகை அறிவிப்பு ஒன்று எஞ்சியது. அல்லேயுஸ் நிகிடியுஸ் மாயுஸ் என்பவருக்குச் சொந்தமான கட்டடத்தில், மேலறையுடன் கூடிய கடைகள், வசதியான மாடிக் குடியிருப்புகள், ஒரு வீடு ஆகியவை ஜூலை 1 முதல் கிடைக்கும். வேண்டுவோர் அவருடைய அடிமை பிரிமுஸைப் பார்க்கலாம். ரோமிலும் ஜூலை 1தான் வீடு மாறும் நாள். ஜூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண்மணி குளியலகத்தையும் கடைகளையும் மாடி அறைகளையும் ஐந்தாண்டுக் குத்தகைக்கு விட முன்வந்த அறிவிப்பும் அங்கே கிடைத்தது.

இத்தகைய வாடகை ஏற்பாடுகளை ஆண்டது ‘லோகாட்டியோ கண்டக்டியோ’ என்ற ஒப்பந்தம். எழுத்துப் பத்திரம் கட்டாயமில்லை, இருவர் சம்மதம் போதும். வாடகை என்பது வீட்டை அனுபவிப்பதற்கான விலை, அனுபவிக்க முடியாவிட்டால் விலையும் குறைய வேண்டும் என்பதே சட்ட அறிஞர்களின் அடிப்படை. ஒரு வழக்கில், ஒருவர் ஓர் இன்சுலாவை மொத்தமாக 30க்கு எடுத்து, பலருக்கு 40க்கு உள்வாடகைக்கு விட்டார். உரிமையாளர் அதை இடித்துவிட்டார். கி.மு. 1ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் அல்ஃபேனுஸ் வாருஸ் எழுதிய தீர்வு இது: இடித்தே ஆக வேண்டிய நிலை என்றால், எஞ்சிய காலத்துக்குரிய வாடகை மட்டும் கழியும், வசதிக்காக இடித்திருந்தால், எடுத்தவரின் இழப்பு முழுவதையும் உரிமையாளர் ஈடுசெய்ய வேண்டும். நியாயமான அச்சத்தால் வீட்டைக் காலி செய்தவரும் வாடகை தர வேண்டியதில்லை.

ஆனால் இவ்வழக்கில் பேசப்படுபவர் இடையில் நின்று லாபம் பார்த்தவர். வழக்காடப் பணமும் துணையும் இல்லாத மேல்மாடி ஏழைக்கு இந்த நுட்பங்கள் எட்டியிருப்பது அரிது. அவர் உள்ளே கொண்டுவந்த தட்டுமுட்டுச் சாமான்கள், யாரும் சொல்லாமலே வாடகைக்கு ஈடாகக் கருதப்பட்டன. பாக்கி வைத்தால் உரிமையாளர் அவற்றை உள்ளே வைத்துப் பூட்டலாம்.

வாடகை ஒழுங்காகத் தருபவரைக் காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்று கரகல்லா பேரரசர் கி.பி. 214இல் ஆணையிட்டார். சொந்தத் தேவை, பழுதுபார்ப்பு, வீட்டைச் சீரழித்தல் ஆகியவை விலக்குகள். ஆனாலும் வீடு விற்கப்பட்டால், முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்படாதிருந்தால், வாங்கியவர் குடித்தனக்காரரை வெளியேற்றலாம். குடித்தனக்காரருக்கு மிஞ்சியது பழைய உரிமையாளர்மேல் நஷ்டஈட்டு வழக்கு மட்டுமே. ரோமச் சட்டத்தின் பெருங்குறை இது.

இவ்விதிகள் கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ‘டைஜெஸ்ட்’ தொகுப்பு வழியே ஐரோப்பாவுக்குச் சென்றன. டச்சுக்காரர்கள் அக்குறையைத் திருத்தி, விற்பனை குத்தகையை முறிக்காது என்று விதித்தனர். அவர்கள் கொண்டுவந்த ரோம-டச்சுச் சட்டம் வழியே அவ்விதி இலங்கையிலும் வேரூன்றியது.