"வெறும்" டாக்டர்

என் சித்தப்பா பையன் எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம். வீட்டுக்கு யார் வந்தாலும் அவனிடம் கேட்பது ஒரே கேள்விதான். "வெறும் எம்.பி.பி.எஸ். போதுமாப்பா? மேல என்ன படிக்கப் போற?" பாவம், அவனும் சிரித்து மழுப்புவான். இந்த "வெறும்" என்ற வார்த்தையோடு அமெரிக்காவில் டாக்டர்கள் ஒரு பெரிய சண்டையே போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இன்றைக்கு. (நான் பி.காம். ஆசாமி. மருத்துவம் படித்தவர்கள் பொறுத்துக் கொள்ளவும்!)

அங்கேயும் ஒரு காலத்தில் மருத்துவக் கல்லூரி முடித்து, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப் செய்து, ஊரில் போர்டு மாட்டிவிட்டால் டாக்டர்தான். பிரசவம், குழந்தைக்கு ஜுரம், தாத்தாவின் மூச்சிரைப்பு எல்லாம் அவரிடமே. இரண்டாம் உலகப் போர் இதை மாற்றியது. ராணுவத்தில் ஸ்பெஷலிஸ்டுகளுக்கு உயர்ந்த பதவியும் கூடுதல் சம்பளமும் கிடைத்தன. போர் முடிந்ததும், திரும்பி வந்த டாக்டர்கள் ஸ்பெஷலிஸ்ட் ஆகப் படிக்க அரசாங்கமே பண உதவி செய்தது. பிறகு யார் பொது மருத்துவராக இருக்கப் போகிறார்கள்? 1947ல் பொது மருத்துவர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆனாலும் எண்ணிக்கை சரிந்துகொண்டே போனது.

1966ல் மூன்று அறிக்கைகள் வெளிவந்தன. எனக்கு இதில் சுவாரஸ்யமே அந்தக் குழுக்களின் தலைவர்கள்தான். ஒருவர் ஜான் மில்லிஸ், பல்கலைக்கழகத் தலைவர், படித்தது இயற்பியல். இன்னொருவர் மரியன் ஃபோல்சம், கோடக் கம்பெனியில் பொருளாளராக இருந்தவர் (நம்ம ஆள்!). மூன்றாமவர் வில்லார்ட் மட்டும்தான் டாக்டர். மூவரும் ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: நோயாளியை முழு மனிதனாகப் பார்த்து, தொடர்ந்து கவனிக்க ஒரு டாக்டர் வேண்டும், அதற்குத் தனிப் பயிற்சியும் வேண்டும்.

1969 பிப்ரவரியில் குடும்ப மருத்துவம் அமெரிக்காவின் 20வது ஸ்பெஷாலிட்டியாக அங்கீகாரம் பெற்றது. தொடக்கத்தில் 15 இடங்களில் மூன்று வருஷ ரெசிடென்சி. அதுவரை ரெசிடென்சி என்றால் ஆஸ்பத்திரி வார்டுதான். இங்கே வார்டு வேலையோடு சேர்த்து, ஒவ்வொரு பயிற்சி டாக்டருக்கும் ஒரு கிளினிக்கில் சில குடும்பங்களை ஒப்படைத்தார்கள். மூன்று வருஷமும் அந்தக் குடும்பங்கள் அவருடைய பொறுப்பு. கர்ப்பமாக வந்த பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தவரே அந்தக் குழந்தைக்குத் தடுப்பூசியும் போடுவார். முதல் வருஷம் கிளினிக்கில் கொஞ்ச நேரம், போகப் போக அதிக நேரம். பேசத் தெரிய வேண்டும் என்பதற்காக மனோதத்துவம் படித்தவர்களையும் ஆசிரியர்களாக வைத்தார்கள். ஒரு வார்டில் நோயாளி குணமாகி வீட்டுக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. ஆனால் நீங்கள் கொடுத்த மாத்திரையை அவர் உண்மையிலேயே சாப்பிட்டாரா என்பது ஆறு மாதம் கழித்து அவரே திரும்பி வரும்போதுதானே தெரியும்!

இனி நான் அசந்துபோன இடம். அந்தக் காலத்தில் மற்ற ஸ்பெஷாலிட்டிகளில் ஒரு தடவை பாஸ் செய்தால் ஆயுசுக்கும் சர்டிஃபிகேட். குடும்ப மருத்துவத்துக்கான போர்டை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் நிக்கோலஸ் பிசாகானோ. அவரும் கூட்டாளிகளும் இரண்டு விதிகள் போட்டார்கள். எத்தனை வருஷம் ப்ராக்டிஸ் செய்திருந்தாலும் சர்டிஃபிகேட் இனாமாகக் கிடையாது, பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும். ரெசிடென்சி செய்யாத பழைய டாக்டர்களுக்குச் சில வருஷம் நேரடியாகப் பரீட்சை எழுத வழி விட்டார்கள், அவ்வளவுதான். இரண்டாவது, அந்த சர்டிஃபிகேட் ஏழு வருஷம்தான் செல்லும்.

யோசித்துப் பாருங்கள். இருபது வருஷம் ஊசி போட்ட கை. "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று ஸ்பெஷலிஸ்டுகள் கேலி செய்த ஆட்கள். சொந்தமாக ஒரு போர்டு கிடைத்தபோது, முதலில் தங்களுக்கே சலுகை கொடுத்துக்கொள்ளாமல் பேனாவை எடுத்துக்கொண்டு பரீட்சை ஹாலுக்குப் போனார்கள். எந்தச் சங்கத்தில் இப்படி நடக்கும், சொல்லுங்கள்? கேலிக்கு இதைவிட நல்ல பதில் இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் பரீட்சை 1970ல் நடந்தது. 1976ல் மறுபடி எழுத வேண்டிய முதல் பரீட்சையும் நடந்தது. பொது மருத்துவத்தைவிட உயர்வாக நினைக்கப்பட்ட இன்டர்னல் மெடிசின்காரர்கள் சர்டிஃபிகேட்டுக்குக் காலக்கெடு வைத்தது 1990ல்தான். அப்போதும் அதற்கு முன்பே பாஸ் செய்தவர்களுடைய ஆயுட்கால சர்டிஃபிகேட்டில் கை வைக்கவில்லை.