போடி ஏலக்காயும் பழைய ஆப்ஷன் விலைகளும்

"பத்து வருட விலையில் சோதித்துவிட்டேன், இந்த உத்தி தோற்கவே இல்லை" என்று பங்குச்சந்தை ஆட்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது எந்தப் பத்து வருடம்? முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஏன் என்று எங்கள் ஊர் ஏலக்காயை வைத்தே சொல்கிறேன்.

எம்.சி.எக்ஸ். சந்தையில் ஏலக்காய் முன்பேர வணிகம் 2006-ல் வந்தது. போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் 2007-ல் தொடங்கியது. ஆக, பழைய விலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1952-ஆம் ஆண்டுச் சட்டம் சரக்குகளில் ஆப்ஷனைத் தடுத்திருந்தது. தடை விலகி 2017 அக்டோபரில் முதலில் வந்தது தங்க ஆப்ஷன்தான். எனவே ஏலக்காயில் பழைய ஆப்ஷன் விலையே கிடையாது. சோதிக்க வேண்டுமானால் 1973-ல் வெளியான பிளாக்-ஷோல்ஸ் சூத்திரத்தை வைத்து பிரீமியத்தை ஊகிக்க வேண்டும். விலையின் ஏற்ற இறக்கம் எப்போதும் ஒரே அளவில் இருக்கும் என்பது அந்தச் சூத்திரத்தின் அனுமானம்.

இப்போது ஒரு கணக்கு. "விலை எவ்வளவு ஏறினாலும் கிலோ 3,000 ரூபாய்க்குத் தருகிறேன்" என்று ஒருவர் வாக்குக் கொடுத்து, அதற்குக் கிலோவுக்கு மாதம் 20 ரூபாய் பிரீமியம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2007 முதல் 2017 வரை சோதித்தால் எல்லா மாதமும் லாபம்தான். 11 வருடத்தில் 2,640 ரூபாய் சேரும்.

2018 ஆகஸ்டில் இடுக்கி மலையில் வெள்ளம். 2019-ல் மழை பொய்த்தது. அந்த ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது! அந்த உச்ச விலைக்கு வாங்கிக் கொடுக்க நேர்ந்தால் கிலோவுக்கு 4,000 ரூபாய் நஷ்டம். 11 வருடச் சம்பாத்தியம் போக, கைக்காசும் போகும். சோதனையில் பிழை இல்லை, அந்த வருடங்களில் வெள்ளம்தான் இல்லை.

நிஃப்டியிலும் இதே கதைதான். ஆப்ஷன் 2001 ஜூனிலேயே வந்தாலும், வார ஆப்ஷன் வந்தது 2019 பிப்ரவரியில். வார உத்திக்கு 2008 வீழ்ச்சியின் உண்மை விலை கிடைக்காது. 2025 செப்டம்பரில் முடிவு நாளும் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறிவிட்டது. பழைய வியாழக்கிழமைக் கணக்கு இன்றைக்கு அப்படியே பொருந்துமா?

2021-22 முதல் 2023-24 வரை முன்பேர, ஆப்ஷன் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி 2024-ல் சொன்னது. அவர்களிலும் பலர் சோதித்துப் பார்த்துத்தான் இறங்கியிருப்பார்கள்.

பழைய விலையைப் பாருங்கள், தப்பில்லை. கூடவே அதில் இல்லாத வருடம் எது என்றும் தேடுங்கள்.