ஆற்றில் ஓடிய கஞ்சி

மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், கோல சிலாங்கூர் பக்கம். தோட்டத்தின் பெயர் தென்னமரம். அந்தப் பெயரை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிறகு அவர் எழுதிய 'மலேசி' நாவலுக்கு 1930-இல் கோன்கூர் பரிசு கிடைத்தது. இலக்கியம் படிக்கிறவர்களுக்கு அவர் நாவலாசிரியர். கழிவுநீர்ப் பொறியாளனான எனக்கோ அவர் பெயர் கழிவுக்குளங்களின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

1960-இல் இந்த நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறத்தாழ 92,000 டன். 1975-இல் அது பன்னிரண்டரை லட்சம் டன்னைத் தொட்டுவிட்டது. ரப்பர் விலை சரியச் சரியப் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். ஃபெல்டா குடியேற்றங்களிலும் அதே பயிர். குலை வெட்டிய இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகணும், இல்லையென்றால் எண்ணெய் கெட்டுவிடும். அதனால் ஆலைகள் தோட்டத்துக்குள்ளேயே எழும்பின. தண்ணீர் வேண்டும் என்பதால் ஆற்றோரத்தில் எழும்பின. லயங்களும் பக்கத்திலேயே இருந்தன.

குலைகளை நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, பிழிந்து, எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒரு திரவம். ஒரு டன் எண்ணெய்க்கு இரண்டரை முதல் மூன்று டன் வரை வரும். ஆலையை விட்டு வெளியேறும்போது 80 டிகிரிக்கு மேல் சூடு. அதில் நஞ்சு என்று எதுவும் கிடையாது. தண்ணீர், நார்த்தூள், மிச்ச எண்ணெய், பழச்சாறு, அவ்வளவுதான். நஞ்சில்லாத பொருள்தானே என்று ஆற்றில் திறந்துவிட்டார்கள்.

என் பாட்டி பேராக்கில் அப்படியொரு ஆலைக்குக் கீழே இருந்த லயத்தில் வாழ்ந்தவர். "கஞ்சி மாதிரி வரும்டா தம்பி. மீனு செத்து மெதந்தா ஆலை ஓடுதுன்னு அர்த்தம்" என்பார். ஆற்றில்தான் குளியல், ஆற்றில்தான் துணி. ஆலை ஓடாத நாளாகப் பார்த்துத் துவைப்பார்களாம்.

மீன் ஏன் செத்தது? நஞ்சு தேவையில்லை, மூச்சு முட்டினால் போதும். கழிவைத் தின்ன நுண்ணுயிர்கள் பெருகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அவை எடுத்துக்கொள்கின்றன. அந்தத் தேவையை அளக்கும் அலகுதான் பிஓடி. நம்ம வெப்பநிலையில் ஒரு லிட்டர் ஆற்றுநீரில் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். ஆலைக் கழிவின் பிஓடி லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். ஒரு லிட்டர் கழிவு மூவாயிரம் லிட்டர் ஆற்றின் மூச்சை வாங்கிவிடும். வேறொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 30 டன் குலை அரைக்கும் ஆலை இருபது மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 400 கன மீட்டர் கழிவு. அதிலிருக்கும் பிஓடி பத்து டன். ஒரு மனிதரின் கழிவுக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்று வைத்தால், அந்த ஒற்றை ஆலை இரண்டு லட்சம் பேர் வாழும் ஊருக்குச் சமம். கீழே இருந்ததோ ஒரு சிறிய லயம்.

(இன்னொரு சின்ன விஷயம். பிஓடியை ஐந்து நாள், 20 டிகிரியில் அளப்பது பிரிட்டிஷ் வழக்கம். அங்கே எந்த ஆறும் ஐந்து நாளுக்குள் கடலைச் சேர்ந்துவிடும் என்பதால் அந்தக் கணக்கு வந்தது என்பார்கள். செம்பனைக் கழிவை நாம் மூன்று நாள், 30 டிகிரியில் அளக்கிறோம். காலனியம் விட்டுப்போன அளவுகோலை நம் வெயிலுக்கு ஏற்ப மாற்றிய இடம் என்று இதை எனக்குப் பிடிக்கும்.)

1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. ஆனால் ஆலைகளிடம் போய்ச் சுத்திகரி என்று சொல்ல முடியாத நிலை. எப்படிச் சுத்திகரிப்பது என்று உலகத்தில் யாருக்குமே சரியாகத் தெரியாது. ஆலைகளை மூடவும் முடியாது. 1977-இல் போட்ட விதிமுறைகள் இந்த இக்கட்டை அணுகிய விதம் எனக்கு இன்றும் வியப்பு. 1978 ஜூலையிலிருந்து ஒவ்வொரு ஆலையும் உரிமம் எடுக்கணும். முதல் ஆண்டு வரம்பு 5,000 மில்லிகிராம், அடுத்த ஆண்டு 2,000, பிறகு 1,000, 500, 250. 1984-இல் 100. மாடிப்படி மாதிரி, ஒவ்வொரு படியும் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும்.

பணமும் சேர்ந்துகொண்டது. ஆற்றில் விடும் ஒவ்வொரு டன் பிஓடிக்கும் 10 ரிங்கிட், வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு டன்னுக்கும் 100 ரிங்கிட். மேலே சொன்ன ஆலை எதுவும் செய்யாமல் இருந்தால் முதல் ஆண்டில் நாளுக்கு 820 ரிங்கிட் கட்டணும். இரண்டாம் ஆண்டிலிருந்து கட்டித் தப்பவும் வழியில்லை, வரம்பு கட்டாயம்.

விடை கடைசியில் இயந்திரமாக வரவில்லை, குளமாக வந்தது. வரிசையாகக் குளம் வெட்டி, கழிவை ஆறவிட்டு, காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களிடம் வாரக்கணக்கில் விட்டுவிடுவது. தோட்டத்தில் இடத்துக்கா பஞ்சம்? சில தோட்டங்கள் பாதி சுத்திகரித்த கழிவையே மரங்களுக்கு உரமாகப் பாய்ச்சின. 1980-இல் இருபத்தைந்து லட்சம் டன்னாக இருந்த எண்ணெய் உற்பத்தி 1985-இல் நாற்பது லட்சத்தைத் தாண்டியது. அதே ஆண்டுகளில்தான் ஆறுகளுக்குப் போன பிஓடி சரிந்தது. சட்டம் போட்டால் தொழில் படுத்துவிடும் என்று இன்றும் பேசுகிறவர்களிடம் இந்த இரண்டு எண்களையும்தான் நான் காட்டுவேன்.

ஆனால் எனக்கு இதில் ஓர் உறுத்தல் உண்டு. நான் படித்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஆறு மில்லிகிராமாகத்தான் வருகிறது. அதில் துணி துவைத்தவர்களுக்கு எந்தப் பத்தியும் இல்லை. ஆறு தெளியத் தொடங்கிய பிறகு, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் பட்டணத்துப் புறம்போக்குகளுக்கு வெளியேறினார்கள். அழுக்கு ஆற்றோடு முப்பது வருஷம் வாழ்ந்த பாட்டி, நல்ல ஆற்றோடு வாழ்ந்தது நான்கே வருஷம்.

இன்னொன்று, குளம் கழிவை அழிக்கவில்லை, மீத்தேனாக மாற்றிக் காற்றில் விட்டது. நூறாண்டுக் கணக்கில் கரிமில வாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும் வாயு அது. 1977-இல் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது. 2014 முதல் புதிய ஆலைகள் இந்த வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்று விதி வந்தது. பிடித்தால் எரித்து மின்சாரம் எடுக்கலாம். பழைய ஆலைகள் பலவற்றில் குளங்கள் இன்னமும் திறந்தே கிடக்கின்றன. வெயில் ஏறிய பிறகு கரையில் நின்று பார்த்தால், அடியிலிருந்து குமிழ் குமிழாக எழும்பி உடைவது தெரியும்.