நேர்வழியும் கோணல் ஸ்டியரிங்கும்

நேரான சாலையில் நேராக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிக்அப் லாரியின் ஸ்டியரிங் சக்கரம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்குமானால், அதனைப் பெரும்பாலோர் அழகுக் குறைவு என்றோ, நாளடைவில் பழகிப் போகும் ஒரு சிறு அசௌகரியம் என்றோ கருதி விட்டுவிடுகின்றனர். ஓட்டுநரின் கைக்கடியில் தென்படும் அந்தக் கோணலுக்குக் காரணம் அநேகமாக அந்தக் கைச்சக்கரத்தில் இருப்பதில்லை. முன்னச்சிலோ, இணைப்புத் தண்டுகளிலோ, சில சமயம் எவரும் குனிந்து பார்க்காத பின்னச்சிலோ அது ஒளிந்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வித்தை ஒரே நாளில் எவர் மூளையிலும் உதித்ததன்று. குதிரை வண்டிக் காலம் தொட்டுப் படிப்படியாக வளர்ந்த அந்த வித்தையின் சரித்திரத்தை அறியாமல் கைச்சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டிவிடுவது, இன்றளவும் பட்டறைகளில் நடந்துவரும் பெரும் பிழை என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆதியில் வண்டிகளின் முன்னச்சு முழுவதுமே நடுவிலுள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பிற்று. திருப்பம் கூர்மையாக ஆக ஆக, இரு முன்சக்கரங்களும் வண்டியின் அடியில் ஒடுங்கி, அதன் ஆதாரம் குறுகி, வண்டி கவிழும் அபாயம் மிகுந்தது. இதற்கு நிவாரணமாக, அச்சை அசையாமல் நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் தனித்தனி முளைகளில் திரும்பும்படியான ஓர் அமைப்பை மியூனிக் நகரத்து வண்டித் தச்சரான கெயார்க் லாங்கென்ஸ்பெர்கர் 1816-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கினார். லண்டனில் அவருடைய பிரதிநிதியாக இருந்த ருடால்ஃப் ஆக்கர்மன் என்ற சித்திரப் பிரசுரகர்த்தர் 1818-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உழைத்தவர் பெயர் மறைந்து, உரிமை எழுதிக் கொண்டவர் பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. ஸ்டியரிங் சாஸ்திரத்தின் முதல் பாடத்தை இன்றும் 'ஆக்கர்மன் தத்துவம்' என்றே மாணவர்கள் படிக்கின்றனர். இந்த அநீதியை இங்கே ஒரு வரியிலாவது குறிப்பிடாமல் செல்ல எனக்கு மனமில்லை.

அந்த அமைப்பைச் செம்மைப்படுத்தியவர் பிரான்சு தேசத்து ஷார்ல் ழாந்தோ. திருப்பத்தில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால், இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்தே தீரவேண்டும். ஆகவே சக்கர முளைகளிலிருந்து நீளும் கரங்களைச் சற்றே உட்சாய்வாக அமைத்து, அக்கரங்களின் திசையில் கோடு இழுத்தால் அவை பின்னச்சின் நடுவில் சந்திக்கும்படி வைக்கவேண்டும் என்று 1878-இல் அவர் வகுத்தார். முன்சக்கரங்களின் ஒழுங்கு பின்னச்சைக் கொண்டே அளக்கப்படவேண்டும் என்ற உண்மை அந்த வரைபடத்திலேயே அடங்கியிருந்தது. பட்டறைக்காரர்கள் அதனை வாஸ்தவமாக உணர்ந்துகொள்ள இன்னும் நூறு வருஷங்கள் பிடித்தன.

முதல் மோட்டார் வண்டிகளில் கைச்சக்கரம் ஏது? படகின் சுக்கானைப் போல ஒரு நெம்புகோலே இருந்தது. 1894-இல் நடந்த பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் ஆல்ஃபிரெட் வாஷ்ரோன் என்பவர் தம் பான்ஹார்டு வண்டியில் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். பிறர் உடனே அதைப் பின்பற்றவில்லை. பான்ஹார்டு கம்பெனியின் உயிர்நாடியாக விளங்கிய எமில் லெவஸார், 1896-ஆம் ஆண்டுப் பாரிஸ்–மார்சேல் பந்தயத்தில் நாயொன்று குறுக்கிட்டதால் வண்டி கவிழ்ந்து காயமுற்று, மறு வருஷமே காலமானார். அவருக்குப் பின் நிர்வாகத்தை ஏற்ற ஆர்த்தூர் கிரெப்ஸ், 1898-இல் பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம் பந்தய வண்டிகளில் நெம்புகோலை அகற்றி, சாய்ந்த தண்டின் மேல் சக்கரத்தை வைத்தார். விட்டுவிட்டால் தாமாகவே நேர்நிலைக்குத் திரும்பிவிடும் இயல்பை முன்சக்கரங்களுக்கு அளிக்கும் உபாயத்தையும் அவர் ஆராய்ந்திருந்தார். கையை விட்டால் ஸ்டியரிங் எங்கே வந்து நிற்கிறது என்ற கேள்வியே அந்த இயல்பினால்தான் அர்த்தம் பெறுகிறது. தானாகத் திரும்பாத சக்கரத்திற்கு நடுநிலை என்று ஒன்று இருக்க முடியாதல்லவா?

ஆயினும், கைச்சக்கரம் கோணலாக நிற்கிறதென்ற புகாருக்கு அப்போதும் இடமில்லை. 1925 ஏப்ரலில் ஃபோர்டு கம்பெனி தன் டி மாடல் வண்டியில் பின்புறம் ஒரு சிறு சரக்குத் தொட்டியை வைத்து, 281 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலையிலிருந்தே முழு உருவத்துடன் வெளிவந்த ஃபோர்டு பிக்அப் என்று சரித்திரக்காரர்கள் முதலாவதாகக் குறிப்பிடுவது அதுவே. அதன் ஸ்டியரிங் சக்கரத்திற்கு நேர் அடியில் சிறு பல்சக்கரங்கள் சில இருந்தன. கைச்சக்கரம் சுமார் நான்கு டிகிரி சுற்றினால் முன்சக்கரம் ஒரு டிகிரி திரும்பும்; பிற்பாடு அந்த விகிதம் ஐந்துக்கு ஒன்றாயிற்று. முன்சக்கரங்களில் அரை டிகிரி பிசகு நேர்ந்தாலும் ஓட்டுநரின் கையில் இரண்டு டிகிரியே தெரியும். குறுக்கும் நெடுக்குமாக நான்கு ஆரங்கள் கொண்ட அச்சக்கரத்தில் அதைக் கண்டுபிடிக்க எவருக்கும் கண் போதாது.

பின்னர் வந்த லாரிகள் கனத்தன, டயர்கள் பருத்தன, கைப்பலத்தைச் சேமிக்கும்பொருட்டு விகிதம் உயர்ந்துகொண்டே போயிற்று. பதினாறுக்கு ஒன்று என்ற விகிதமுள்ள வண்டியில் அதே அரை டிகிரிப் பிசகு, எட்டு டிகிரிக் கோணலாக ஓட்டுநரின் கண்முன் நிற்கும். 28 அங்குல விட்டமுள்ள டயரின் முன்விளிம்பு, பின்விளிம்பைக் காட்டிலும் கால் அங்குலம் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதுதான் அந்த அரை டிகிரி. உழைப்பைக் குறைக்க வந்த பல்சக்கரம், அடியிலுள்ள குற்றத்தைப் பன்மடங்காக்கிக் காட்டும் பூதக்கண்ணாடியாகவும் ஆகிவிட்டது. இந்தப் புகாரின் ஜனன ரகசியம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

அலைன்மென்ட் என்று இன்று நாம் வழங்கும் தொழில் அமெரிக்காவில் தழைத்தது 1920-களில். பருத்த, காற்றழுத்தம் குறைந்த 'பலூன்' டயர்கள் 1923 முதல் பரவின. முன்சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது. அக்காலத்து ஒற்றை முன்னச்சு வண்டிகள் ஒரு வேகத்தை எட்டியதும், சக்கரங்கள் பிசாசு பிடித்தவைபோல் இடமும் வலமும் உதறத் தொடங்கின. அந்த நடுக்கத்தின் காரணத்தை ஆராயப் புகுந்த பொறியியலாளர்கள் சக்கரங்களின் சாய்வுகளையும் கோணங்களையும் அளக்கலாயினர். அளக்கும் கருவிகளைச் செய்து விற்கும் கம்பெனிகள் பிறந்தன. இல்லினாய் மாகாணத்து ராக் ஐலண்டு நகரின் 'பேர்' (கரடி) கம்பெனி அவற்றுள் ஒன்று. அதன் கரடிப் படம் தொங்காத பட்டறை வீதி அமெரிக்காவில் அரிது என்னும்படி அது பரவிற்று.

கருவி வாங்க வசதியற்ற பட்டறைகளில் மெக்கானிக் செய்த வேலையும் சாமானியமானதன்று. ஜாக்கியால் முன்னச்சை உயர்த்தி, டயரைக் கையால் சுழலவிட்டு, அதன் மேற்பரப்பில் சுற்றிலும் சாக்கட்டியைத் தேய்த்து, பிறகு அசையாமல் ஊன்றிய ஓர் ஆணியின் முனையை அதன்மேல் இலேசாகப் படவைத்தால், வெண்மையின் நடுவே மயிரிழை போன்ற ஒரு கறுப்புக் கோடு விழும். டயரின் நெளிவுகளைப் பொருட்படுத்தாத உண்மையான வட்டம் அது. வண்டியை இறக்கி, சிறிது முன்னே உருட்டி நிறுத்தி, இரு டயர்களின் கோடுகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை முன்புறத்தில் ஒரு முறையும் பின்புறத்தில் ஒரு முறையும் இரு முள்கொண்ட நீண்ட சட்டத்தால் அளப்பர். முன்புறம் பதினாறில் ஒரு பங்கு அங்குலமோ எட்டில் ஒரு பங்கு அங்குலமோ குறுகியிருந்தால் சரி. அந்த ஆணிக்கோட்டை விடத் துல்லியமான ஆதாரத்தைப் பிற்காலத்து விலையுயர்ந்த யந்திரங்களும் எளிதில் தந்துவிடவில்லை.

இந்த இடத்தில் ஸ்டியரிங் பெட்டியின் அந்தரங்கத்தைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1940-இல் காடிலாக் கார்களில் வந்து, பின்பு பிக்அப் லாரிகளில் பல்லாண்டுகள் கோலோச்சிய உருள்குண்டு ஸ்டியரிங் பெட்டியில், பல்தண்டுகள் நடுநிலையில் மாத்திரம் சற்று இறுக்கமாகக் கவ்வும்படியும் இருபுறமும் திரும்பத் திரும்பத் தளரும்படியும் அமைக்கப்பட்டன. வண்டி ஓடுவதெல்லாம் பெரும்பாலும் நேராகத்தானே. ஆகையால் தேய்மானமும் நடுவில்தான் அதிகம். அந்தத் தேய்வைத் திருகாணியால் நிரவும்போது ஓரங்களில் பிடித்துக்கொள்ளாமல் இருக்கவேண்டுமானால் நடு மேடாக இருந்தாக வேண்டும். எனவே நேராக ஓடும்போது பெட்டி அந்த மேட்டின் உச்சியில் இருக்கவேண்டும் என்பது நியதி. கோணலாக நிற்கும் கைச்சக்கரத்தைப் பிடுங்கி நேராக மாட்டும் மனிதர், பெட்டியை அந்த உச்சியினின்றும் நிரந்தரமாகத் தள்ளிவைத்துவிடுகிறார். கண்ணுக்குக் கோணல் போய்விடும். ஆனால் நெடுஞ்சாலையில் வண்டி அலையும், கையில் வெற்றாட்டம் தெரியும், ஒரு பக்கம் வட்டம் குறுகித் திரும்பும் லாரி மறுபக்கம் திரும்ப மறுக்கும்.

பழைய மெக்கானிக்குகள் முதலில் தேடியது அந்த நடுநிலையையே. பெட்டியின் பிட்மன் கரத்திலிருந்து சக்கரத்திற்குச் செல்லும் டிராக் லிங்க் தண்டைக் கழற்றி, கைச்சக்கரத்தை ஒரு கோடி முதல் மறு கோடிவரை சுற்றி, சுற்றுகளை எண்ணி, அதில் சரிபாதியில் நிறுத்துவர். அப்போது கைச்சக்கரம் நேராக நின்றால் குற்றம் தண்டில். கோணலாக நின்றால் மாத்திரமே கைச்சக்கரத்தைத் தொடலாம். தண்டைச் சீர்செய்யும் வழி மிக எளியது. அதன் நடுவிலுள்ள குழலின் ஒரு முனையில் வலப்புரி மரையும் மறு முனையில் இடப்புரி மரையும் வெட்டப்பட்டிருக்கும். இரு கவ்விகளையும் தளர்த்திக் குழலைத் திருகினால், தண்டு சுழலாமலே நீளும் அல்லது குறுகும். சக்கரங்கள் தரையில் நேராக நிற்க, மேலே கைச்சக்கரம் மெல்ல நடுவிற்கு நகர்ந்து வரும்.

வேலையின் வரிசையும் முக்கியமானது. ஒற்றை முன்னச்சு லாரியில், இரு முன்சக்கரங்களையும் பிணைக்கும் டை ராடு என்னும் தண்டால் அவற்றை ஒன்றோடொன்று இணக்கிய பின்பே டிராக் லிங்க்கைத் தொடவேண்டும், கைச்சக்கரம் கடைசி. செவர்லே கம்பெனி 1960-இலும், ஃபோர்டு கம்பெனி தன் இரட்டை ஐ-பீம் அமைப்பின் மூலம் 1965-இலும் பிக்அப் லாரிகளின் முன்சக்கரங்களுக்குத் தனித்தனித் தொங்கல் தந்தபோது நிலைமை மாறிற்று. செவர்லே பாணி அமைப்பில் இருபுறமும் வெவ்வேறு டை ராடு இருப்பதால், முதலில் கைச்சக்கரத்தை நடுவில் பூட்டி, பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் தனியே நேராக்கவேண்டும். பழைய வரிசையில் பழகிய கை இரு தண்டுகளையும் சமமின்றித் திருகும். சக்கரங்களின் இணக்கம் அளவுக்குச் சரியாகவே வரும், கைச்சக்கரமோ கோணி நிற்கும். அலைன்மென்ட் செய்து வந்த நாளிலிருந்துதான் ஸ்டியரிங் கோணலாயிற்று என்று வாகனக்காரர் முறையிடுவது பெரும்பாலும் இதனாலேயே.

பரீட்சைக்கும் ஒரு முறை உண்டு. மழைநீர் வடியச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரங்களில் தாழ்த்துவதால், சரிவிலே செல்லும் நல்ல வண்டியும் ஓரத்தை நோக்கி இறங்கும். அதைத் தடுக்கும் கையில் சக்கரம் சற்றே திரும்பியிருக்கும். எனவே சமதரையில்தான் சோதிக்கவேண்டும். கையை இலேசாகத் தளர்த்தியதும், கைச்சக்கரம் கோணலாகவே நிற்க வண்டி நேரே சென்றால் இணைப்புகளின் பிசகு. வண்டியே ஒரு பக்கம் இழுத்தால் டயர், காற்றழுத்தம், பிடித்துக்கொள்ளும் பிரேக் இவற்றைப் பார்க்கவேண்டும். முன்டயர்களை இடம் மாற்றியதும் இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயரே.

சுமை ஏற்றுவதற்கென்றே பிறந்த பிக்அப் லாரியில், ழாந்தோ சுட்டிய பின்னச்சுதான் அதிகம் ஏமாற்றுகிறது. கமான் பட்டைகளை ஒன்றாகப் பிணைக்கும் சென்டர் போல்ட்டின் தலை, அச்சின் மேலுள்ள குழியில் அமர்ந்து அச்சை இடம் பெயராமல் வைக்கிறது. அளவுக்கு மீறிய பாரத்தாலும் தளர்ந்த யு போல்ட்டுகளாலும் அது முறிந்துவிட்டால், அச்சின் ஒரு பக்கம் அரை அங்குலம் பின்வாங்கும். பட்டைகளுக்கிடையே 45 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பின்னச்சு அரை டிகிரிக்கு மேல் திரும்பிவிட்டதாகிறது. நேராகச் செல்ல முன்சக்கரங்களும் அதே அளவு திரும்பியாக வேண்டும். பதினாறுக்கு ஒன்று என்ற விகிதத்தில், கைச்சக்கரத்தில் அது சுமார் பத்து டிகிரி. முன்சக்கரங்களை மட்டும் அளப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். நான்கு சக்கரங்களையும் ஒருங்கே அளக்கும் கம்ப்யூட்டர் கருவிகள் பரவிய பின்னரே இக்குற்றம் பட்டறைகளில் வழக்கமாகப் பிடிபடலாயிற்று. நூலும் அளவுநாடாவும் வைத்துக்கொண்டு, முன்பின் அச்சுகளின் இடைவெளியை இருபுறமும் அளந்து ஒப்பிடும் பொறுமையுள்ளவருக்கு அது முன்பும் அகப்படாததன்று.

உயரத்தைக் கூட்டிக்கொள்ளும் மோகமும் இன்னொரு காரணம். சுருள்வில் கொண்ட ஒற்றை முன்னச்சு லாரிகளில், அச்சு பக்கவாட்டில் நகராமல் ஒரு குறுக்குத்தண்டு தாங்குகிறது. கைச்சக்கரத்தை நிலைநாட்டிய அதே பான்ஹார்டு கம்பெனியின் பெயர்தான் அதற்கும். உடலை மேலே தூக்கினால் அத்தண்டின் சாய்வு மிகுந்து அச்சை ஒரு பக்கம் இழுக்கும். டிராக் லிங்க்கும் சாய்ந்து சக்கரங்களைத் திருப்பிவிடும். உயர்த்திய கையோடு அவ்விரு தண்டுகளின் நீளத்தையும் சீர்ப்படுத்தாதவர், கோணலைத் தாமே விலைகொடுத்து வாங்கியவராகிறார்.

இன்றைய வண்டிகளிலோ இக்கோணல் கம்ப்யூட்டரையும் ஏமாற்றும். வழுக்கலில் வண்டியைத் தானே அடக்கும் மின்னணுக் காப்பு, அமெரிக்காவில் 2012 மாடல் முதல் இலகு வாகனங்களுக்கெல்லாம் கட்டாயமாயிற்று. ஓட்டுநர் எங்கே செல்ல விரும்புகிறார் என்பதை அது கைச்சக்கரத்தின் கோணத்தை அளக்கும் உணர்கருவியைக் கொண்டே அறிகிறது. நேர் சாலையில் கைச்சக்கரம் பத்து டிகிரி சாய்ந்திருந்தால், ஓட்டுநர் திருப்ப நினைத்தும் வண்டி திரும்பவில்லை என்று கம்ப்யூட்டர் அனுமானிக்கவும், எச்சரிக்கை விளக்கு எரியவும், வேண்டாத சமயத்தில் ஒரு சக்கரத்தின் பிரேக் பிடிக்கவும் கூடும். கைச்சக்கரத்தின் அடியில் காற்றுப்பைக்கான மின்நாடா சுருண்டிருக்கிறது. பெட்டியின் நடுநிலை தப்பி ஒரு முழுச் சுற்றுப் பிசகாக மாட்டினால், கூர்மையான திருப்பத்தில் அது அறுந்துபோகவும் கூடும். ஆகையால் இன்றைய பட்டறையில், பின்னச்சு, முன்னச்சு, பெட்டியின் உச்சி, தண்டுகள் என்று எல்லாம் சரிபார்த்து முடிந்த பிற்பாடு, கைச்சக்கரத்தை நேரே பிடித்துக்கொண்டு, இதுதான் பூஜ்யம் என்று அந்த உணர்கருவிக்கு அறிவிக்கும் வேலை ஒன்றும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.