வீட்டுத் திரையும் ஒளிநாடாவும்

தில்லியில் 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தோன்றிய தொலைக்காட்சி, வானொலியின் அரவணைப்பிலே வளர்ந்த குழந்தையாகும். 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வண்ணம் வந்தது. காட்சியைப் பதிந்து வைப்பது எங்ஙனம் என்னும் வினாவும் நம் இல்லங்களில் எழுந்தது. சோனி நிறுவனத்தார் 1975-இல் அளித்த பீட்டாமாக்ஸ் நாடா தொடக்கத்தில் ஒரு மணி நேரமே கொண்டது, ஜே.வி.சி. நிறுவனத்தார் 1976-இல் அளித்த வி.எச்.எஸ். நாடாவோ இரண்டு மணி நேரம் கொண்டது. (நம் நாட்டுத் திரைப்படங்களுக்கு அதுவும் போதாதென்பது வேறு.) மக்கள் பின்னதையே நாடினர். படத்தெளிவு கருதி முன்னதை வாங்கியோர் நிலை இரங்கத்தக்கது: அப்பொறியின் உற்பத்தி 2002-இல் நின்றது, நாடாவும் 2016-இல் நின்றது. இன்று தட்டைத்திரை வாங்கப் புகும் நாம் அங்குலத்தையே அளக்கின்றோம். பரணில் கிடக்கும் திருமண நாடாக்களைக் காந்தப்பூச்சு உதிருமுன் படியெடுக்க, ஓடும் பழம்பொறி ஒன்று முதலில் வேண்டும்.