வெயிலும் மேனியும்

1903ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு, ஒளியைக் கொண்டு நோய் தீர்த்த ஒருவரைச் சென்றடைந்தது. டென்மார்க்கில் பணியாற்றிய நீல்ஸ் ஃபின்சன் என்பாரே அவர். முகத்தை அரித்துச் சிதைக்கும் ஒருவகைத் தோல் காசநோயை விளக்கொளியைக் குவித்துக் குணப்படுத்திய அன்னார், மறு ஆண்டே தமது 43ஆம் வயதில் காலமானார்.

அந்நாளில் ஐரோப்பியத் தொழில் நகரங்களின் புகை படர்ந்த சந்துகளில் குழந்தைகளின் கால்கள் வில்லாய் வளைந்தன. ரிக்கெட்ஸ் எனப்படும் அந்நோய்க்குக் காரணம் உணவா, காற்றா, பரம்பரையா என்று மருத்துவர்கள் வாதிட்டுக் கொண்டிருந்தனர். 1919இல் பெர்லின் நகர மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, பாதரச விளக்கின் புற ஊதாக் கதிர்களை நோயுற்ற குழந்தைகள் மீது படச் செய்தார். ஒரு கையில் மட்டுமே ஒளி பட்டபோதும் இரு கைகளின் எலும்புகளும் தேறின! தோலில் பிறக்கும் ஏதோ ஒரு பொருள் குருதி வழியே உடலெங்கும் செல்கிறது என்பது இதனால் புலனாயிற்று. வைட்டமின் டி என நாம் இன்று அறிவது அதனையே.

நம்மவர் ஊன்றிப் படிக்க வேண்டிய ஏடு பம்பாய் மாகாணத்தினுடையது. ஹட்சிசன், ஷா என்னும் இரு மருத்துவர்கள் அங்கு நடத்திய ஆய்வு 1922இல் வெளிவந்தது. எளிய உணவையே உண்ட ஏழை இந்துப் பெண்கள் கைக்குழந்தையோடு வெளியில் வேலை செய்தனர். அக்குழந்தைகளை ரிக்கெட்ஸ் தீண்டவில்லை. கோஷா பேணிய முஸ்லிம் குடும்பங்களிலும் உயர்குல இந்துக் குடும்பங்களிலும் உணவுக்குக் குறைவில்லை. எனினும், பிறந்த குழந்தைகளை மாதக்கணக்கில் இருண்ட அறைகளிலேயே வைத்திருந்தனர். நோய் அங்கேதான் குடிகொண்டது.

இதனை மார்க்கத்தின் மீது ஏற்றிப் பேசுவோர் உண்டு. இரு சமயத்தாரையும் ஒருங்கே பற்றிய நோய்க்குச் சமயத்தைக் காரணம் காட்டுவது முறையன்று. வீட்டுக்குள் வானம் பார்த்த முற்றம் ஒன்று இருப்பின், திரைக்குள்ளிருந்தே தாயும் சேயும் வெயிலில் அமரலாம். அடுக்குமாடி வீடுகளில் அம்முற்றம் மறைந்து வருவதே என் கவலை. சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் இதற்கு ஈடாகாது. வைட்டமினை ஆக்கும் கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும்.

இனி மறுபக்கம். 1894இலேயே ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஊன்னா, காலமெல்லாம் வெயிலில் உழன்ற மாலுமிகளின் தோலில் புற்று தோன்றுவதை எழுதியிருந்தார். 1928இல் ஃபின்ட்லே என்பவர் புற ஊதாக் கதிர்களால் எலிகளுக்குத் தோற்புற்று உண்டாவதைக் காட்டினார். நோய் தீர்த்த அதே கதிர்களே நோயையும் விளைத்தன.

இந்த உண்மையை மிகுந்த விலை கொடுத்துக் கற்ற நாடு ஆஸ்திரேலியா. மேக மூட்டம் மிகுந்த பிரிட்டனுக்கு இசைந்த வெண்தோலுடன் கடும் வெயில் நாட்டில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே மிகுதி. சட்டை அணிக, களிம்பு பூசுக, தொப்பி தரிக்க என்று அவர்களிடையே 1981இல் பெரும் பிரசாரம் தொடங்கிற்று. அந்நாட்டில் 2024இல் வெளியான வழிகாட்டுதலோ மக்களைத் தோல் நிறத்திற்கேற்ப மூவகையாகப் பிரிக்கிறது. வெண்தோலர் வெயிலுக்கு அஞ்சி ஒதுங்க வேண்டும். கருந்தோலர் நாள்தோறும் களிம்பு பூசத் தேவையில்லை. வெளியே சற்று நடமாடுவதே அவர்களுக்கு நலம்.