கெட்டிமேளத்துக்கு ரீடேக் கிடையாது

எண்பதுகளின் பிற்பாதியில் எடுத்த எந்தக் கல்யாணக் கேசட்டைப் போட்டாலும் பந்திக் காட்சி ஒன்று நிச்சயம் வரும். ஆயிரம் வாட்ஸ் ஹாலஜன் விளக்கு முகத்தில் அடிக்க, வாய்வரை கொண்டுபோன கவளத்தை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பெரியப்பா விழிப்பார். பக்கத்து இலைக்காரர் கேமராவைக் கண்டுகொள்ளாதவர்போல் ரசத்துக்குக் குழி பறிப்பார். எதிர் வரிசையில் ஓர் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். ஓர் இலை விடாமல் கேமரா நகர்ந்துகொண்டே இருக்கும். சாப்பிடுவதையா படம் பிடிப்பார்கள் என்று அன்று கேலி செய்யாதவர்கள் இல்லை. அதே கேசட்டைப் பரணிலிருந்து இறக்கி, கடை கடையாக அலைந்து பென்டிரைவில் ஏற்றி வரும் குடும்பங்கள் இன்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது தாலி கட்டும் காட்சியைவிட அந்தப் பந்தியைத்தான். பெரியப்பா பேசி, சிரித்து, கையலம்பப் போகும் படம் வேறெங்கும் கிடையாது.

வீடியோ வருவதற்கு முன் நடுத்தரக் குடும்பங்களின் கல்யாண நினைவு என்பது ஒரு ஆல்பம், அதில் நாற்காலி போட்டு எடுத்த ஒரு குரூப் போட்டோ, அவ்வளவுதான். அசையும் படம் வேண்டுமென்றால் ஃபிலிம் கேமரா வேண்டும். 1965இல் கோடாக் கொண்டுவந்த சூப்பர் 8 அதில் மலிவானவற்றில் ஒன்று. அதிலும் ஒரு சுருள் 50 அடி. நொடிக்கு 18 பிரேம் என்ற கணக்கில் ஓடினால் 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிடும். சத்தமும் பதியும் சூப்பர் 8 வந்தது 1973இல்தான். எடுத்ததை லேபுக்கு அனுப்பிக் கழுவி வரவழைக்க வேண்டும். திரையிட புரொஜக்டர் வேண்டும். மில் முதலாளிகளும் ஜமீன் வாரிசுகளும் செய்யக்கூடிய காரியம் அது. மாங்கல்ய தாரணம் கொஞ்சம் நீண்டாலே மூன்று நிமிடச் சுருள் பாதியில் நின்றுவிடும்.

1976இல் ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் வெளியிட்ட விஎச்எஸ் கேசட் இந்தக் கணக்கை மாற்றியது. ஒரே நாடாவில் மூன்று மணி நேரம், சத்தத்தோடு. கழுவ வேண்டியதில்லை, எடுத்த கையோடு போட்டுப் பார்க்கலாம். சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975இல். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்தது. அதே காலத்தில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் அட்டைப்பெட்டியில் வீடியோ கேசட் போடும் ‘டெக்’ கொண்டுவந்தார்கள். சென்னை பர்மா பஜாரில் அது கைமாறியது. தெருவுக்கு ஒரு வீடியோ லைப்ரரி முளைத்து, டெக்கையும் டிவியையும் ஓர் இரவு வாடகைக்கு விட்டது. கல்யாண வீடியோக்காரர்களில் பலர் இந்தக் கடைகளிலிருந்தும் போட்டோ ஸ்டூடியோக்களிலிருந்தும் வந்தவர்கள்தான். முறையாகப் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தவர் தேடினாலும் கிடைப்பது அரிது.

முதலில் வந்த கருவிகள் இரண்டு துண்டாக இருந்தன: தோளில் கேமரா, இடுப்புப் பக்கம் தொங்கும் ரெக்கார்டர், இரண்டுக்கும் நடுவே கேபிள். அந்தக் காலக் குழாய்க் கேமராக்கள் பிரகாசமான விளக்கைப் பார்த்துவிட்டால் படத்தில் வால் நட்சத்திரம்போல ஒளிக்கோடு இழுபடும். எண்பதுகளின் நடுவில் கேமராவும் ரெக்கார்டரும் ஒன்றாகிவிட்டன. முழு விஎச்எஸ் கேசட்டையே விழுங்கும் பானசோனிக் எம் வரிசைக் கேமராக்கள் தமிழ்நாட்டு மண்டபங்களில் வெகுகாலம் ஆட்சி செய்தன. அவற்றுக்கு வெளிச்சப் பசி அதிகம். அதனால் வீடியோக்காரர் தனியாக வர முடியாது; விளக்கைத் தூக்கிப் பிடிக்க ஒரு லைட்பாய், ஒயரை இழுத்துக்கொண்டு பின்னால் ஓட இன்னொரு பையன் என்று ஒரு பட்டாளமே வரும். மணமேடையில் ஹோமத் தீ, தலைக்கு மேல் டியூப்லைட், முகத்துக்கு நேரே ஹாலஜன். மூன்று வெளிச்சத்துக்கும் மூன்று நிறம். பழைய கேசட்டுகளில் மணப்பெண்ணின் பட்டுப்புடவை காட்சிக்குக் காட்சி நிறம் மாறுவது இதனால்தான்.

வீடியோக்காரருக்குக் கொடுக்கும் கூலி எதற்கு என்ற கேள்விக்கு முகூர்த்த நேரத்தில்தான் விடை இருக்கிறது. சினிமாவில் தாலி கட்டும் காட்சியை எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுக்கலாம். மண்டபத்தில் ஒரே டேக். புரோகிதர் மந்திரத்தை முடித்து, மேளக்காரர்கள் பக்கம் கையை உயர்த்தி ‘கெட்டிமேளம்’ என்று குரல் கொடுத்த அடுத்த நொடி எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். நாதஸ்வரமும் தவிலும் உச்சத்துக்குப் போகும். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மேடையை நோக்கி நகர்வார்கள். அட்சதை பறந்துவந்து லென்சிலும் விழும். அதற்குள் முதல் முடிச்சு விழுந்திருக்கும். அடுத்த இரண்டை மாப்பிள்ளையின் சகோதரி பின்னால் நின்று போடும் குடும்பங்கள் உண்டு. அங்கே முடிச்சு விழும் இடம் மணமகளின் கழுத்துக்குப் பின்புறம். முகத்தை எடுத்தால் முடிச்சு போய்விடும், முடிச்சை எடுத்தால் முகம் போய்விடும். பிராமணக் கல்யாணங்களில் மணப்பெண் தந்தை மடியில் உட்கார்ந்திருப்பாள். சட்டத்துக்குள் மூன்று முகங்கள் வர வேண்டும். எங்கே நிற்க வேண்டும் என்பது அரை மணி முன்பே தெரிந்திருந்தால்தான் இது கைகூடும்.

தேர்ந்த வீடியோக்காரர்கள் கேமராவைத் தோளில் ஏற்றும் முன் புரோகிதரிடம் போய்ப் பேசுவார்கள். உங்கள் பக்கத்தில் மாங்கல்யத்தைச் சபையில் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோவது உண்டா, அம்மி மிதிப்பது மேடையிலா கீழேயா, மெட்டி போடுவது யார் என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி சடங்கின் வரிசை மாறும். கொங்குப் பகுதிக் கல்யாணத்தில் சடங்கை நடத்தும் அருமைக்காரர் செய்யும் சீர்களின் வரிசை தஞ்சாவூர்க்காரருக்குத் தெரியாது. காரைக்குடி வீட்டுச் சடங்கு நாகர்கோவில்காரருக்குப் புதிது. கேமராவை விலை கொடுத்து வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். இந்த வரிசையை ஐம்பது நூறு மண்டபங்களில் கால்கடுக்க நின்றுதான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

சடங்கு இல்லாத கல்யாணம் எளிது என்று நினைத்தால் அதுவும் தப்பு. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு தந்த 1967ஆம் ஆண்டுச் சென்னைத் திருத்தச் சட்டம், உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும் என்றது. மாலை மாற்ற ஆகும் நேரம் சில நொடிகள். அதற்கு முன்னும் பின்னும் தலைவர்களின் வாழ்த்துரை ஒரு மணி நேரம். அங்கே மைக்கிலிருந்து ஒயர் இழுக்கத் தெரிந்தவனே கெட்டிக்காரன். தேவாலயத்தில் பீடத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதைப் பங்குத்தந்தைதான் சொல்வார். நிக்காஹ் வீடுகளில் ஆண்கள் பக்கம் ஒரு குழு, பெண்கள் பக்கம் எடுப்பதற்குப் பெண்களே கேட்கப்படுவது உண்டு.

பிறகு வந்தது ‘மிக்ஸிங்’ காலம். பானசோனிக்கின் சிறிய மிக்ஸர் ஒன்று கைக்கு வந்ததும் ஸ்டூடியோக்காரர்களுக்குச் சிறகு முளைத்தது. தாமரை மொட்டு விரிய உள்ளே மணமகள், இதயத்துக்குள் மாப்பிள்ளை, பின்னணியில் பாசமலர் படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய கல்யாணப் பாட்டு. ரசனை இல்லை என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தமிழர்கள் தங்கள் கல்யாணத்தைச் சினிமாவாகப் பார்க்க ஆசைப்பட்டார்கள், கிடைத்த பொத்தான்களை வைத்து ஸ்டூடியோக்காரர் அதைச் செய்து கொடுத்தார் என்று பார்ப்பதே நியாயம். அந்த வேலையின் கஷ்டம் பலருக்குத் தெரியாது. இரண்டு டெக்குகளை இணைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காட்சி காட்சியாகப் பதிய வேண்டும். ஒவ்வொரு நகலுக்கும் படம் மங்கும். மாஸ்டர் கேசட் ஒரு வீட்டில் தங்கிவிட, இன்னொரு வீட்டுக்குக் கிடைத்தது வெளிறிய பிரதி. சம்பந்திகளுக்குள் மனத்தாங்கலுக்கு இதுவும் ஒரு காரணம்.

கடல் கடந்தவர்களுக்குச் சிக்கல் வேறு. வீடியோவில் இந்தியாவும் இலங்கையும் ‘பால்’ (PAL) முறை, கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி (NTSC) முறை. யாழ்ப்பாணத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ டொரொன்டோவுக்குப் போன கேசட்டை அங்கிருந்த சாதாரண டெக்கில் போட்டால் படம் வராது. மாற்றிக் கொடுக்கும் கடையைத் தேட வேண்டும். போர்க்காலத்தில் ஈழத் தமிழர்களுக்குக் கல்யாணப் படங்கள் நினைவுப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் துணையிடம் போய்ச் சேர விசா கேட்கும்போது, நடந்தது உண்மையான கல்யாணம்தான் என்று அதிகாரியை நம்பவைக்கும் சாட்சியாகவும் அவை நின்றன. மானிடவியலாளர் சிதார்த்தன் மௌனகுரு 2019இல் வெளியான தன் ஆங்கில நூலில் இந்த எல்லை தாண்டிய திருமணங்களை ஆராய்ந்திருக்கிறார். எந்தச் சடங்கு, எந்த உறவினர் படத்தில் இருந்தாக வேண்டும் என்ற அறிவு அங்கே ஒரு குடும்பம் ஒன்றுசேர்வதையே தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது.

2008இல் கேனன் வெளியிட்ட 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமரா முழு எச்டி வீடியோவும் எடுத்தது. பின்னணி கரைந்து முகம் மட்டும் துலங்கும் சினிமாப் படம் கல்யாண ஸ்டூடியோக்காரர் கைக்கு எட்டியது. ஆனால் ஒரே மூச்சில் பன்னிரண்டு நிமிடம்தான் ஓடும். நீளமான சடங்குக்கு அது உதவாது என்பதால் தொழில் இரண்டாகப் பிரிந்தது: முழுதும் எடுக்க ‘டிரெடிஷனல்’ குழு, அழகுக்குக் ‘கேண்டிட்’ குழு. இன்றைய பில்லிலும் இரண்டும் தனித்தனியாகத்தான் வருகின்றன. டிரோனும் வந்தது. 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பொதுமக்கள் டிரோன் பறக்கவிடுவதைத் தடை செய்தும் மண்டப வாசல்களில் அது பறந்துகொண்டுதான் இருந்தது. 2021ஆம் ஆண்டின் விதிகள்தான் வழியை எளிதாக்கின. மகாபலிபுரத்தில் 2022 ஜூனில் நடந்த நயன்தாரா - விக்னேஷ் சிவன் கல்யாணம் 2024 நவம்பரில் நெட்பிளிக்ஸ் ஆவணப்படத்தின் பகுதியாக வெளிவந்தபோது, கல்யாண வீடியோ காசு கொடுத்துப் பார்க்கும் சரக்காகவே ஆகியிருந்தது.

இந்த மாற்றத்தில் காணாமல் போனது பந்திதான். நான்கு நிமிட டீசரில் மணமக்கள் மெதுவாக நடப்பார்கள், மல்லிகைச் சரம் ஆடும், வானத்திலிருந்து கோபுரம் தெரியும். பெரியப்பா இருக்க மாட்டார். டிரெடிஷனல் வீடியோ எதற்கு, காசு மிச்சம் என்று அதை வெட்டும் குடும்பங்கள் தப்பான பக்கத்தை வெட்டுகின்றன.

எல்லோர் கையிலும் போன் இருக்கும்போது ஆள் எதற்கு என்ற கேள்விக்கு 2020 ஊரடங்கு ஒரு சோதனை வைத்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றானதும், வர முடியாதவர்களுக்கு நேரலை ஒன்றுதான் கல்யாணம் பார்க்கும் வழியாயிற்று. தம்பி பிடித்த போனில் அழைப்பு வந்து படம் நின்றது. மேளச் சத்தத்தில் மந்திரம் கேட்கவில்லை. முக்கியமான நேரத்தில் தம்பியே அட்சதை போடப் போய்விட்டான். அவன் மேல் குற்றமில்லை, அவன் கல்யாணத்துக்கு வந்தவன். வீடியோக்காரர் அந்த மண்டபத்தில் விருந்தாளி இல்லை, வேலைக்கு வந்தவர்.

இந்தத் தொழிலின் வருமானமும் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் ஓடும். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் கல்யாணம் கிடையாது. வைகாசியிலோ தையிலோ வளர்பிறை முகூர்த்தம் ஒன்று வந்தால் ஒரே ஸ்டூடியோவுக்கு மூன்று மண்டபம். பேசியவர் ஓரிடம் போவார், மற்ற இரண்டுக்கும் நாள் சம்பளத்துக்குப் பிடித்த பையன்கள் போவார்கள். ஆல்பத்தைப் பார்த்து அட்வான்ஸ் கொடுக்கும் வீட்டார், அன்றைக்கு நேரில் வரப்போவது யார் என்று கேட்டுக்கொள்வதில்லை.

எடுத்தது யாருக்குச் சொந்தம் என்பதையும் யாரும் கேட்பதில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, பணம் பெற்றுக்கொண்டு ஒருவருக்காக எடுத்த படத்தின் முதல் உரிமையாளர் அதை எடுக்கச் சொன்னவர்தான். வேறு ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே மாறும். ஆனால் உரிமை இருந்தும் படம் இருக்க வேண்டுமே. பூஞ்சை பிடித்த கேசட்டை ஓட்ட வீட்டில் டெக் இல்லை. உலகில் கடைசியாக விஎச்எஸ் கருவி செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டது. டிஜிட்டல் காலத்துப் படமும் பத்திரம் என்று சொல்வதற்கில்லை. சுருக்கிய வீடியோவைக் கொடுத்துவிட்டு, சில மாதம் கழித்து முழுக் காட்சிகளையும் அழித்து அடுத்த கல்யாணத்துக்கு இடம் பண்ணுவது பல ஸ்டூடியோக்களில் வழக்கம். பேசும்போதே கேட்டு, ஒரு ஹார்ட் டிஸ்க்கும் வாங்கிக் கொடுத்துவிட்டால் பந்தி உட்பட எல்லாவற்றையும் அதில் ஏற்றித் தந்துவிடுகிறார்கள்.